அமைதியான ஊர் என்று யார் சொன்னது?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால் நாங்குநேரி. கன்னியாகுமரிக்குப் போகிற வண்டிகள் பலவும் ஊருக்குள் வராமலே தாண்டிப் போய்விடும். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான வானமாமலைப் பெருமாள் கோயில், அதை ஒட்டி மடம், பெரிய குளம், சுற்றிலும் வாழையும் நெல்லும். தாலுகா தலைநகர் என்பதால் அலுவலகங்கள் உண்டு. பேரூராட்சி. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து ஒரு நாள் தங்கினால், "அமைதியான ஊர்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்.

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, இந்த ஊரின் பெருந்தெருவில் ஒரு வீட்டுக்குள் அரிவாளோடு நுழைந்தார்கள் சில சிறுவர்கள். பிளஸ் 2 படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனை வெட்டினார்கள். அண்ணனைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இரத்த வெள்ளத்தைப் பார்த்த உறவினரான முதியவர் ஒருவர் அதிர்ச்சியில் விழுந்து இறந்தார். வெட்ட வந்தவர்களில் அந்த மாணவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர்கள். வயது பதினெட்டுக்குக் கீழே.

மறுநாள் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அமைச்சர்கள், கட்சித் தலைவர்கள், தொலைக்காட்சி வண்டிகள் வந்தன. "அமைதியான ஊரில் இப்படியா?" என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஏனென்றால் சேரித் தெருவில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது.

வெட்டுக்கு முன்னால் நடந்தது

அந்த மாணவன் வள்ளியூரில் ஒரு பள்ளியில் படித்தான். நாங்குநேரியிலிருந்து பேருந்தில் போய்வர வேண்டும். கூடப் படிக்கிற சில மாணவர்கள் அவனைத் தொடர்ந்து சீண்டினார்கள், ஏவல் வேலை வாங்கினார்கள், சிகரெட் வாங்கி வரச் சொன்னார்கள் என்பது அப்போது வெளிவந்த செய்தி. பொறுக்க முடியாமல் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். நன்றாகப் படிக்கிற பையன் ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். பிறகு அவன் நடந்ததை எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தான். அன்று இரவே அரிவாள் வீடு தேடி வந்தது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சீண்டல் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஊர் அமைதியாக இருந்தது. பையன் பணிந்துபோன நாட்களில் அமைதியாக இருந்தது. படிப்பை விட்டு வீட்டில் முடங்கிய நாட்களிலும் அமைதியாகவே இருந்தது. அவன் பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதிய அன்றுதான் அமைதி "கெட்டது". அதாவது, அவன் வாய் திறக்காத வரைக்கும் நீடித்த ஏற்பாட்டுக்குத்தான் அமைதி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிற புத்திமதி எல்லோருக்கும் தெரியும். "எதுக்குடே வம்பு? போனமா, படிச்சமா, வந்தமான்னு இரு." பேருந்தில் பின்சீட்டில் அவர்கள் உட்கார்ந்திருந்தால் முன்னால் நின்றுகொள். டீக்கடையில் பேச்சு வேறு பக்கம் போனால் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வா. கொடை விழா நாளில் அந்தத் தெரு வழியாக சைக்கிளில் போகாதே. புதுச் சட்டை போட்டால் ஒருத்தன் கேலி பண்ணுவான், கேட்காத மாதிரி நட. இதெல்லாம் கோழைத்தனத்தால் சொல்வது அல்ல. பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்கிற கணக்கு. ஒரு சிறிய ஊரில் நாள்தோறும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஒரு பாதி மக்கள் வாழ்கிறார்கள். மறுபாதிக்கு அந்தக் கணக்கு இருப்பதே தெரியாது. அவர்களுக்கு ஊர் உண்மையிலேயே அமைதியாகத்தான் தெரியும்.

ஒரு சம்பவத்துக்குப் பிறகு மாறுவது அந்தக் கணக்குதான். கதவுத் தாழ்ப்பாள் மாறும். மாலை வகுப்புக்குப் போன பிள்ளை வரும் வரைக்கும் தாய்மார் தெருமுனையில் நிற்பார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளையை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு ஓடும். அரிவாள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலும், ஒரு தெருவின் படிப்பையே அது வெட்டுகிறது.

கையில் கட்டிய கயிறு

இது ஒரு நாளில் முளைத்த விஷம் அல்ல. 1995இல் தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி, அன்றைய வ.உ.சிதம்பரனார் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் காவல்துறையே புகுந்து வீடுகளைச் சூறையாடியது. கிணற்றில் நஞ்சு கலந்ததாகவும் மக்கள் குற்றம்சாட்டினார்கள். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கே மோதல் வெடித்தது. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. நம் சாதியில் பிறந்த ஒருவரின் பெயரை எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று சொன்னவர்கள் இருந்த மாவட்டம் இது. பேருந்திலிருந்து பெயர் போனது. மனசிலிருந்து போகவில்லை.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். சாதி அவர்கள் கையில் கயிறாக வந்திருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் பார்த்தால் யார் யார் என்று சொல்லிவிடலாம். நெற்றிப் பொட்டு, மோதிரம், பனியனில் அச்சிட்ட படம், சைக்கிளுக்கு அடித்த வண்ணம் என்று அடையாளம் பெருகிக்கொண்டே போகிறது. விளையாட்டில் யாரைச் சேர்ப்பது, மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைக் கயிறு முடிவு செய்கிறது.

2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வி இயக்ககம் இதைக் குறிப்பிட்டுத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பயிற்சியில் இருந்த ஐஏஎஸ் அதிகாரிகள் நேரில் பார்த்துச் சொன்னதன் அடிப்படையில் வந்த சுற்றறிக்கை அது. எதிர்ப்புக் குரல் எழுந்ததும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். அதன் பிறகு 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கயிறு பற்றிய தகராறு மாணவர்களுக்குள் அடிதடியாக முற்றி, பிளஸ் 2 மாணவன் ஒருவன் உயிர் போனது. அதற்கு அடுத்த ஆண்டுதான் நாங்குநேரி.

நாங்குநேரியோடும் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 படிக்கும் பட்டியல் சாதி மாணவனை, பேருந்தை மறித்து இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். அந்தச் சண்டைக்கு ஒரு பென்சில் காரணம் என்றார்கள். சாதிக்காக அரிவாளைத் தூக்கலாம் என்று ஒரு சமூகம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால், பென்சிலுக்காகவும் தூக்கலாம் என்று பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். அந்த அரிவாள் நம் பிள்ளைகளை மட்டும் தேடி வரும் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

நீதிபதி சந்துரு சொன்னது

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு, உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் 18ஆம் தேதி அவர் அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தார். அதில் உள்ளவற்றைப் பெற்றோர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பள்ளிப் பெயர்களில் சாதிச் சொல் இருக்கக் கூடாது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி, வண்ணம் பூசிய சைக்கிள் என்று சாதியைக் காட்டுகிற எதையும் மாணவர்கள் கொண்டுவரக் கூடாது. வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரமே இருக்கக் கூடாது. உதவித்தொகை பற்றிய அறிவிப்பை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லக் கூடாது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே முதன்மைக் கல்வி அலுவலராகவோ தலைமை ஆசிரியராகவோ போடக் கூடாது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கிற மேல்நிலைப் பள்ளிகளில் தனியாகப் பள்ளி நல அலுவலர் வேண்டும். 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு வேண்டும். எல்லாச் சமூக மாணவர்களும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை ஒன்று வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வர வேண்டும். இவை அவர் சொன்னவற்றில் சில.

உதவித்தொகை பற்றிய பரிந்துரையை மட்டும் எடுத்துப் பாருங்கள். "எஸ்சி பிள்ளைகள் எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு" என்று வகுப்பில் சொன்ன குரலை நம்மில் கேட்காதவர்கள் எத்தனை பேர்? எழுந்து நின்ற அந்த அரை நிமிடத்தில், அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த சாதி நாற்பது பேருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியருக்கு அது அலுவலக வேலை. பிள்ளைக்கு அது அடுத்த நாள் பேருந்தில் எங்கே உட்காரலாம் என்பதை மாற்றிவிடுகிற விஷயம். வன்முறை வீட்டுக்குள் அரிவாளோடு நுழைவதற்கு முன்னால், வகுப்பறைக்குள் இப்படித்தான் சத்தமில்லாமல் நுழைகிறது. அறிக்கை அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

அறிக்கை அலமாரியில் இருப்பதால் யாருக்கும் பயன் இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது போய்க் கேளுங்கள். இதில் எதெல்லாம் நம் பள்ளியில் நடந்திருக்கிறது? எது நடக்கவில்லை? ஏன்? கேள்வியையும் பதிலையும் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

யார் ஊரை விட்டுப் போனது?

அந்த மாணவன் பிழைத்தான். திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் நீண்ட சிகிச்சை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து மருத்துவர்கள் வந்து கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். எழுத முடியாத கையோடு, சொல்வதை எழுதுபவர் ஒருவரை வைத்துப் பொதுத்தேர்வு எழுதினான். 2024 மே 6ஆம் தேதி முடிவு வந்தது. 600க்கு 469. முதலமைச்சர் நேரில் அழைத்துப் பாராட்டினார். நம் தெருக்களில் அன்று அந்த எண்ணைச் சொல்லாத வாய் இல்லை. பிள்ளைகள் அடம்பிடித்தால், "அவன் கையில்லாம 469 எடுத்தாம்லா" என்று சொல்கிற அளவுக்கு அது ஆனது.

ஆனால் அந்தக் குடும்பம் இப்போது பெருந்தெருவில் இல்லை. பாதுகாப்புக்காக ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. அரசு திருநெல்வேலியில் வீடு ஒதுக்கியது. ஒதுக்கியது சரிதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவே பாதிக்கப்பட்டவர்களுக்கு முழுப் பாதுகாப்பு, பயணச் செலவு, மறுவாழ்வு, வேறிடத்தில் குடியமர்த்துவது ஆகியவற்றை உரிமையாகச் சொல்கிறது.

இருந்தாலும் இதை நாம் இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. வெட்டுப்பட்டவன் ஊரை விட்டுப் போகிறான். அவன் வீடு பூட்டிக் கிடக்கிறது. தெருவில் ஒரு குடும்பம் குறைகிறது. கொஞ்ச நாளில் தொலைக்காட்சி வண்டிகள் போகும். கடைகள் வழக்கம்போலத் திறக்கும். ஊர் மறுபடியும் "அமைதி"யாகும். பாட்டன் காலத்திலிருந்து வாழ்ந்த மண்ணில் இருக்க முடியாமல் போனவர்களின் மீது கட்டப்படுகிற இந்த அமைதியை, நிலைமை சீரடைந்ததாக நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பாதிக்கப்பட்ட குடும்பம் பயமில்லாமல் அதே வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் தங்கிப் போகிற நாள் வந்தால், அன்றைக்கு வேண்டுமானால் சீரடைந்தது என்று சொல்லலாம்.

வெட்டிய பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களும் படிக்க வந்தவர்கள்தான். சட்டப்படி சிறார்கள், அதனால் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அரிவாளை யார் வீரமாகக் காட்டியது? எந்தப் பேனர், எந்தப் பாட்டு, எந்தக் குருபூஜைக் கூட்டம், எந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்? தன் பிள்ளைக்குக் கயிறு கட்டி அனுப்பிய வீட்டுக்காரர், அது அரிவாளாகத் திரும்பி வந்த நாளில், தன் பிள்ளையின் வாழ்க்கையும் போனது என்று உணர்ந்திருப்பார். நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் ஒதுக்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எதிர்பார்த்த தொழிற்சாலைகள் வரவில்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் வராமல் போயிற்று. படித்து முடித்தால் வேலை இல்லை என்ற கோபத்தை யார் மீது காட்டுவது என்று வழிகாட்டச் சாதிச் சங்கங்கள் மட்டும் குறைவில்லாமல் வந்தன.

கையில் இருக்கிற சட்டம்

கோபம் நியாயம்தான். கோபத்தோடு சில விவரங்களும் கையில் இருக்க வேண்டும்.

ஒன்று. வன்கொடுமைப் புகார் கொடுத்தால், முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு வழக்குப் போடுகிறோம் என்று சொல்ல முடியாது. 2018 திருத்தத்தின் 18ஏ பிரிவு, முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது.

இரண்டு. வழக்கை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும்.

மூன்று. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமையைப் புறக்கணித்தால், 4ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பிரிவை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

நான்கு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும் என்பது விதி. கடைசியாக எப்போது கூடியது, என்ன பேசினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஐந்து. வன்கொடுமை பற்றிப் புகார் சொல்ல 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098. பள்ளி தொடர்பான பிரச்சினைகளுக்கு 14417. இந்த மூன்று எண்களையும் பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

இதில் முதல் படி பிள்ளை வாய் திறப்பதுதான். பிள்ளை வீட்டுக்கு வந்து ஒன்றைச் சொன்னால், "எதுக்குடே வம்பு" என்று அந்த இடத்திலேயே அமுக்கிவிட வேண்டாம். முழுதும் கேளுங்கள். தேதி, நேரம், யார், எங்கே என்று எழுதிவையுங்கள். தனியாகப் பள்ளிக்குப் போக வேண்டாம். தெருவில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். கொடுத்த புகாருக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அன்று இரவே ஆபத்து வரும் என்று தோன்றினால், அதையும் சேர்த்துக் காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுங்கள். நாங்குநேரியில் புகாருக்கும் அரிவாளுக்கும் நடுவே ஒரு பகல்கூட முழுதாக இருக்கவில்லை. பள்ளிக்கு ஒரு சாதிச் சீண்டல் புகார் வந்தால், அந்தப் பிள்ளையின் பாதுகாப்பு அந்த நிமிடத்திலிருந்தே பள்ளியின் பொறுப்பு என்று விதி எழுதப்பட வேண்டும். புகார் வந்த உடனேயே காவல்துறைக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் தகவல் போக வேண்டும். இதை மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவிலேயே செய்துவிடலாம்.

கல்வி ஆண்டு தொடங்கும்போது காலை எட்டு மணிப் பேருந்தில் நம் பிள்ளைகள் ஏறுவார்கள். தாமாக ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுத்து அவர்கள் உட்கார முடிகிறதா என்று அந்தப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். அமைச்சர் வந்து பார்க்கட்டும், ஆட்சியர் வந்து பார்க்கட்டும், பக்கத்துத் தெருப் பெரியவர்களும் வந்து பார்க்கட்டும். ஊர் அமைதியாக இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.